எதில் இருந்தது விஷம்?

சனிக்கிழமை காலையில் கதிரேசன் தேக்கா சந்தையிலிருந்து திரும்புவதைப் பார்த்தால், வீட்டில் ஏதோ விசேஷம், பத்துப் பேராவது சாப்பிட வருகிறார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஒரு கையில் ஆட்டிறைச்சிப் பொட்டலம். இன்னொரு கையில் வெள்ளைப் பூசணிக் கீற்றும் கறிவேப்பிலையும் பிதுங்கும் துணிப்பை. இறைச்சிக் கடை அப்துல் அஜீஸ் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"என்னண்ணே, வாராவாரம் விருந்தா? நம்மளையும் ஒரு நாள் கூப்பிடுங்க லா."

கதிரேசன் சிரித்து வைத்தார். கூப்பிடவில்லை. வீட்டில் தன்னைத் தவிர ஓர் ஆள் இல்லை என்பதை இறைச்சிக் கடை வரிசையில் நின்றுகொண்டு சொல்வானேன்?

புக்கிட் பாஞ்சாங்கில் பன்னிரண்டாவது மாடி வீடு. கைலிக்கு மாறிக்கொண்டு அடுப்படிக்குள் போனால் மத்தியானம்வரை வெளியே வரமாட்டார். ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல், மோர்க்குழம்பு, சேமியாப் பாயசம். போன சனிக்கிழமையும் இதேதான், வருகிற சனிக்கிழமையும் இதேதான். தட்டு வைத்துத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்துப் பாதி வாரம் ஓட்டுவார். பெர்த்தில் இருக்கும் மகள் சுதா போனில் தலையிலடித்துக்கொள்வாள். "கீழ காப்பிக் கடைல சிக்கன் ரைஸ் வாங்கிச் சாப்பிட வேண்டியதுதானேப்பா? இல்லாட்டி கிளம்பி இங்க வந்துடுங்க. எதுக்கு இவ்ளோ கஷ்டம்?"

வேடிக்கை என்னவென்றால், போன வருஷம்வரை இந்த மனிதருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது.

செம்பவாங் கப்பல் பட்டறையில் அவருக்குச் சைகை காட்டும் வேலை. மேலே கிரேனில் இருப்பவனுக்குக் கீழே நின்றுகொண்டு கையாலேயே தூக்கு, இறக்கு, நிறுத்து என்று சொல்ல வேண்டும். அந்த இரைச்சலில் வாயைத் திறந்து பயனில்லை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. போதும் என்றால் ஒரு கை, இன்னும் கொஞ்சம் என்றால் இரண்டு விரல். மனைவி அமலா கல்யாணமான புதிதில் பயந்தே போனாள். பிறகு பழகிக்கொண்டாள். "நான் என்ன கிரேனா, கையைக் காட்டிக்கிட்டே இருக்கீங்க? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்பாள். அதற்கும் அவர் கையைத்தான் ஆட்டுவார்.

இப்படிப்பட்ட கல்லுளிமங்கனுக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. மர்மக் கதை. மேடையில் என்றாலும் சரி, திரையில் என்றாலும் சரி, ஒரு கொலை விழுந்துவிட்டால் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் சனிக்கிழமை தவறாமல் படத்துக்குப் போவார்கள். கறுப்பு வெள்ளைப் படம், மழை, மாடிப்படி, கதவுக்குப் பின்னால் ஒரு நிழல். இடைவேளைக்கு முன்பே கதிரேசன் அமலாவின் காதருகே குனிந்து இன்னார்தான் கொலைகாரன் என்று சொல்லிவிடுவார். அமலா தொடையில் கிள்ளுவாள். "சும்மா இருங்க, படத்தைப் பாக்க விடுங்க." ஆனால் அவர் சொன்னது தப்பியதே இல்லை. யார் கையுறை போட்டிருந்தான், யார் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவில்லை என்று எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பார். ஊரில் எந்தத் திருட்டுப் போனாலும் தன்னைக் கூப்பிட்டால் அரை நாளில் கண்டுபிடித்துவிடலாம் என்று அவருக்கு உள்ளூர ஓர் எண்ணம் உண்டு. அந்தத் தியேட்டர்களெல்லாம் இன்று இல்லை. இப்போது தொலைக்காட்சியில் அதே படங்களைப் போட்டுப் பார்க்கிறார். இடைவேளைக்கு முன்பு சோபாவின் காலி ஓரத்தைப் பார்த்துக் கொலைகாரன் பெயரைச் சொல்கிறார். கிள்ளத்தான் ஆளில்லை.

சுதா கைக்குழந்தையாக இருந்த காலத்தில், பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த அண்ணாதுரை வாத்தியார் ஒரு நாடகக் குழு வைத்திருந்தார். எல்லாரும் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். ராத்திரி ஒத்திகை. கதிரேசனைப் பட்டறையிலிருந்து ஒரு நண்பர் இழுத்துக்கொண்டு போனார். மேடைச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும், பேச்சே இல்லாத ஒரு சமையற்காரன் வேஷமும் அவருக்குக் கிடைத்தன. வீட்டில் அடுப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவருக்குச் சமையற்காரன் வேஷம். அமலா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நாடகம் மர்ம நாடகம். ஒரு பணக்காரர் பிறந்தநாள் விருந்து வைக்கிறார். ஏழு பேர் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கடைசியில் அவருடைய இளைய மனைவி கொடுத்த பாயசத்தைக் குடித்ததும் அவர் சுருண்டு விழுகிறார். எதில் விஷம், யார் வைத்தது? கடைசிக் காட்சிவரை இதுதான் கேள்வி. பணக்காரராக முத்துராமன் என்ற தபால் நிலைய ஊழியர். அவருடைய விதவை அக்காவாக வசந்தகுமாரி, அப்போது ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர்.

மேடையில் காலித் தட்டை வைத்துக்கொண்டு வாயை மென்று காட்டுவது அண்ணாதுரைக்குப் பிடிக்காது. "முதல் வரிசைக்கு மசாலா வாசம் அடிக்கணும்யா" என்றார். அந்தச் சாப்பாட்டைச் சமைத்துக் கொடுத்தது அமலா. செம்பவாங் குடியிருப்பின் சின்ன அடுப்படியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தனையும் செய்து, பாத்திரங்களைத் துணியால் கட்டிக் கொடுப்பாள். கதிரேசன் அவற்றை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு நகரத்துக்குப் பேருந்தில் போவார். பேருந்து முழுக்க மணக்கும்.

முதல் நாள் பூஜையில் அண்ணாதுரை கற்பூரத்தை ஏற்றி எல்லாரையும் அதன்மேல் கைவைக்கச் சொன்னார். நாடகத்தின் முடிவை, அதைப் பார்க்காத யாருக்கும் சொல்லக் கூடாது. "வீட்டுக்காரம்மாகிட்டக்கூட மூச்சு விடக் கூடாது. சரியா?" எல்லாரும் சத்தியம் செய்தார்கள்.

சரி, இதில் அமலாவின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விடிந்ததிலிருந்து நின்று சமைக்கிறாள். அவள் கையால் செய்த ஏதோ ஒன்றில்தான் ஊரறிய விஷம் வைக்கிறார்கள். அது எது என்று அவளுக்குத் தெரியக் கூடாதாம். கடைசி ஆட்டத்துக்கு வருவதாகப் புடவைகூட எடுத்து வைத்திருந்தாள். அன்று பார்த்துச் சுதாவுக்குக் காய்ச்சல். அமலா நாடகத்தைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு அது மேடை ஏறவும் இல்லை.

"எதுல இருந்துச்சு? கறிக்குழம்புலயா?" முதல் ஆட்டம் முடிந்து வந்த அன்றைக்கே கேட்டாள்.

கதிரேசன் கையை ஆட்டினார்.

"பாயசத்துலதானே? எல்லாரும் பாயசம்னுதான் பேசிக்கிறாங்களாம்."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சத்தியம் பண்ணிருக்கேன். நாடகத்தைப் பாத்தவங்களுக்குத்தான் தெரியணும்."

அன்றிலிருந்து அது அந்த வீட்டின் விளையாட்டாகிவிட்டது. சுதா பள்ளிக்கூடம் போனாள், படித்தாள், கல்யாணமாகி வெளிநாடு போனாள். செம்பவாங்கிலிருந்து புக்கிட் பாஞ்சாங்குக்கு வீடு மாறியது. கேள்வி மட்டும் மாறவில்லை. சாதம் போடும்போது திடீரென்று, "ரசத்துலதானே?" என்பாள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, "உருளைக்கிழங்குலயா? அதுல எப்படி வைப்பாங்க?" என்பாள். வாயே திறக்காத கதிரேசன் அதற்கு மட்டும் வாயைத் திறப்பார். தலைகீழாக நின்றாலும் சொல்ல மாட்டேன் என்பார். வாயைப் பிடுங்கப் பார்க்காதே என்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் வருகிற சிரிப்பு வேறெதற்கும் வராது.

எதில் இருந்தது என்று இந்த இடத்தில் நான் சொல்லிவிடலாம். ஆனால் அண்ணாதுரை வாத்தியாரின் ஆவி என்னைச் சும்மா விடாது. கொஞ்சம் பொறுங்கள்.

போன வருஷம் அமலாவுக்கு நெஞ்சு வலி வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். சாயங்காலம் பார்வையாளர் நேரம் முடியப் போகிறது. கதிரேசன் கட்டிலோரம் நின்று போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். அமலா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இப்பவாவது சொல்லுங்க. எதுல இருந்துச்சு?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீட்டுக்கு வா, சொல்றேன்."

அவள் வீட்டுக்கு வரவில்லை.

அழுது முடித்த பிறகும், காரியமெல்லாம் முடிந்து சுதா திரும்பிப் போன பிறகும், அந்த ஒரு வாக்கியம் அவர் தொண்டையில் முள்ளாக நின்றது. நாற்பது வருஷத்துக்கும் மேலாகக் கேட்டாள். சாகிற அன்றைக்கும் கேட்டாள். ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? அமலாவின் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிடலாம் என்று பலமுறை போய் நின்றார். கற்பூரம் நினைவுக்கு வரும். வாய் வராது. செத்துப்போனவளிடம் சொன்னால் சத்தியம் போய்விடுமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் பிடிவாதம் என்பது ஒரே நாளில் கழற்றி வைக்கிற சட்டை இல்லையே.

சொல்ல முடியாதவர் சமைக்க ஆரம்பித்தார். அவள் கட்டிக் கொடுத்த அதே சாப்பாடு, அதே அளவு. எந்தப் பாத்திரத்தில் எவ்வளவு வந்தது என்பது அவருக்கு மறக்கவில்லை. மடியில் வைத்துச் சுமந்தவர் அல்லவா? கறிக்குழம்பு பெரிய குண்டானில். ரசம் தூக்குவாளியில். பாயசம் மூடி போட்ட எவர்சில்வர் சட்டியில். மோர்க்குழம்பு கைப்பிடி உடைந்த ஒரு குட்டிப் பாத்திரத்தில். முதலில் எல்லாம் தீய்ந்தது. யூடியூபைப் பார்த்துப் பார்த்து மெல்லத் தேறினார். ஒரே ஒரு பதார்த்தத்தை மட்டும் செய்வாரே தவிரத் தொடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொட்டிவிடுவார். அதற்கும் ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

அமலா போய் வருஷம் திரும்பப் போகிற சமயத்தில், தேக்காவில் வாழையிலைக் கடைக்கு முன்னால் ஒரு அம்மாள் அவரை உற்றுப் பார்த்தாள். நரைத்த கொண்டை, மூக்குக்கண்ணாடி, தள்ளுவண்டிப் பை.

"கதிரேசண்ணன்தானே? சமையற்காரரு!"

வசந்தகுமாரி. சுவா சூ காங்கில் மகன் வீட்டில் இருக்கிறாராம். அங்கேயே கூட்டத்தை மறித்துக்கொண்டு நின்று, யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். அண்ணாதுரை போய் வெகு காலம். முத்துராமன் கொரோனாவில் போனார். இளைய மனைவியாக நடித்த பெண் எங்கே என்றே தெரியவில்லை.

"அப்ப நீங்களும் நானும்தான்," என்றார் வசந்தகுமாரி. "அமலாக்கா எப்படி இருக்காங்க?"

கதிரேசன் கையை மேலே காட்டினார். சில விஷயங்களுக்கு அவருடைய பழைய பாஷையே வசதி. வசந்தகுமாரி அவர் பையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"அடுத்த சனிக்கிழமை சாப்பிட வாங்கம்மா," என்றார் கதிரேசன். தான்தான் பேசினோமா என்று அவருக்கே ஆச்சரியம். "உங்ககிட்ட ஒன்னு கேக்கணும்."

அந்த வாரம் முழுவதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட்க வேண்டியது இதுதான்: சத்தியம் செய்தவர்களில் தெரிந்து மிச்சம் இருப்பது இரண்டே பேர். வசந்தகுமாரி சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், படத்துக்கு முன்னால் போய் நின்று அமலாவுக்குப் பதிலைச் சொல்லிவிடலாம். பதிலைச் சொல்லிவிட்டால் நெஞ்சில் இருப்பது இறங்கிவிடும். வீட்டைப் பெருக்கினார். நாற்காலி ஒன்றின் மேல் குவிந்திருந்த துணிகளை எடுத்தார். அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்து ஒரு வருஷம் ஆகிறது என்பது துணியை எடுத்த பிறகுதான் உறைத்தது.

வசந்தகுமாரி எல்.ஆர்.டி. ரயிலில் வந்து இறங்கினார். மங்குஸ்தான் பழம் வாங்கி வந்திருந்தார். அமலாவின் படத்தைக் கும்பிட்டுவிட்டு மேஜைக்கு வந்தவர், பாத்திரங்களைப் பார்த்ததும் வாயில் கைவைத்தார்.

"அண்ணே! இது நம்ம சாப்பாடு லா!"

"உக்காருங்க. ஆறிப் போயிடும்."

சாப்பிட்டார்கள். வசந்தகுமாரி கறிக்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். ரசத்தைக் கையில் ஊற்றி உறிஞ்சினார். முத்துராமன் ஒவ்வொரு ஆட்டத்திலும் செத்து விழுந்த பிறகு மூக்கு அரித்து அவஸ்தைப்பட்டதைச் சொல்லிச் சிரித்தார். வீட்டில் ஒரு பெண்குரல் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று கதிரேசன் நினைத்துக்கொண்டார். அந்தக் குட்டிப் பாத்திரத்தை மட்டும் இரண்டு பேரும் தொடவில்லை. கதிரேசனும் எடுத்துப் போடவில்லை, வசந்தகுமாரியும் கேட்கவில்லை.

பாயசம் வந்ததும் கதிரேசன் தொண்டையைக் கனைத்தார். ஒத்திகை பார்த்து வைத்திருந்தபடி சொன்னார். அமலா கேட்டது, கேட்டுக்கொண்டே இருந்தது, மருத்துவமனையில் கேட்டது, தான் சொன்ன பதில். "இப்ப நீங்களும் நானும்தான் மிச்சம். நான் அவகிட்டச் சொல்லிடலாமா? உங்களுக்குச் சம்மதமா?"

வசந்தகுமாரி கரண்டியைக் கீழே வைத்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, இரக்கமும் இல்லை. குழப்பம்.

"சொல்லிடலாமாவா? நீங்க அப்பவே சொல்லிட்டீங்கல்ல?"

"நானா?"

"ஆமாண்ணே. நான் இத்தனை வருஷமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். அண்ணாதுரை சார் காதுக்குப் போகாம மறைச்சதே நான்தான்."

கதிரேசனுக்குக் காது சூடானது. "கற்பூரத்துமேல சத்தியம் பண்ணினவன்மா நான்!"

"கோவப்படாதீங்க. இதைப் பாருங்க." வசந்தகுமாரி விரலால் அந்தக் குட்டிப் பாத்திரத்தை அவர் பக்கம் தள்ளினார். "இவ்ளோதான் வைக்கிறீங்க. ஏன்?"

"அமலா அனுப்பினது இவ்ளோதானே?"

"ரெண்டாவது ஷோல இருந்து இவ்ளோ. முதல் ஷோவுக்குப் பெரிய பாத்திரம் நெறைய வந்துச்சு. அதைப் பின்னாடிக் காவாய்ல கொட்டினவ நான்தானே, எனக்குத் தெரியாதா? கொட்டவே மனசு வரல. அவ்ளோ அருமையான மோர்க்குழம்பு."

ஆம், மோர்க்குழம்புதான். பணக்காரருக்கு வயிற்றுப்புண். காரம் ஆகாது. மற்றவர்கள் கறிக்குழம்பில் மும்முரமாக இருக்க, அக்கா அவருக்கு மட்டும் மோர்க்குழம்பை ஊற்றுவாள். அப்போது மேஜையின் மறுபக்கம் ஒரு பெரிய சண்டை நடக்கும். யாரும் கவனிக்க மாட்டார்கள். அப்புறம் விளக்கு வெளிச்சமெல்லாம் பாயசத்தின் மேல் விழும். அண்ணாதுரையின் கெட்டிக்காரத்தனம் அது. நாடகம் முடிந்ததும் திரைக்குப் பின்னால் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து மிச்சச் சாப்பாட்டைச் சாப்பிடுவார்கள். ஆனால் மேடையில் விஷம் என்று காட்டியதைக் குழுவில் ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது, மேடையிலானாலும் வீட்டிலானாலும். அது அவர்களுக்குள் ஒரு பயம், ஒரு வழக்கம். முத்துராமன்கூட நடிப்புக்காக ஒரு வாய் எடுப்பதற்கு முன் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொள்வார். மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள்.

ஜன்னலுக்குக் கீழே எல்.ஆர்.டி. ஒன்று போய் மறைந்தது.

கொட்டிய பாத்திரத்தைக் கழுவியது கதிரேசன்தான். ஒரு தடயமும் இருக்கக் கூடாதென்று அரங்கத்துக் குழாயடியில் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். மற்ற பாத்திரங்களை எண்ணெயும் மசாலாவுமாக அப்படியே துணியில் கட்டி எடுத்துப் போனார். அமலா மூட்டையைப் பிரித்திருப்பாள். எல்லாம் அழுக்கு. ஒன்று மட்டும் பளபள. ஒரு பெண்ணுக்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கொட்டத்தான் போகிறார்கள் என்று தெரிந்த பின் தயிரை வீணாக்குவானேன் என்று அடுத்த ஆட்டத்துக்குக் குட்டிப் பாத்திரத்தில் அனுப்பியிருக்கிறாள். அதை மடியில் வைத்துப் பேருந்தில் சுமந்துபோன மகா துப்பறிவாளருக்கு அது ஏன் சின்னதாயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை. சிக்கனம் என்று நினைத்தார். ஒரு வருஷமாக அதே அளவில் தானே வைத்தும் தோன்றவில்லை.

"அவளுக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கு," என்றார்.

வசந்தகுமாரி அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். போகும்போது, "அடிக்கடி பேசிக்குவோம் அண்ணே" என்றார். இந்த வயதில் எல்லாரும் சொல்வதுதான். கதிரேசன் லிப்ட்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து கதவைச் சாத்தினார். சிரிப்புப் போன வீடு முன்னைவிட அமைதியாக இருந்தது.

நேரே படத்துக்கு முன்னால் போய் நின்றார். "ஏன்டி, தெரிஞ்சுகிட்டே கேட்டியா?" என்று சத்தமாகவே கேட்டார். அவருக்குக் கோபம் வந்தது. அசடு வழிந்தது. பின் இரண்டும் போய் அழுகை வந்தது. ஏன் கேட்டாள் என்பது யோசிக்க யோசிக்கத் தெளிவாகத்தான் இருந்தது. ஊமைபோல் கையை ஆட்டுகிற ஒரு மனிதனை வாய் திறந்து சிரிக்கவைக்க அவளிடம் இருந்தது அந்த ஒரு கேள்விதான். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும். மருத்துவமனையிலும் அவள் பதிலுக்காகக் கேட்கவில்லை. போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தவனைச் சிரிக்கவைக்கத்தான் கேட்டாள். அவரும் சிரித்தார். அவளுக்கு வேண்டியது அன்றைக்குக் கிடைத்துவிட்டது. அப்படியானால் ஒரு வருஷமாக அவர் சுமந்தது வெறும் சுமை. அது இறங்கியதும் நெஞ்சு லேசாகவில்லை, காலியாகத்தான் போயிற்று. சொல்லாமல் வைத்துக்கொள்ள இனி அவரிடம் ஒன்றும் இல்லை. கேட்பதற்கு ஆளும் இல்லை.

மேஜைக்கு வந்து குட்டிப் பாத்திரத்தை எடுத்தார். தட்டில் ஒரு பிடி சாதம் போட்டு மோர்க்குழம்பை ஊற்றிப் பிசைந்தார். வாயில் வைக்கும்போது கை ஒரு கணம் தயங்கியது. வைத்தார். நன்றாகத்தான் இருந்தது. பூசணிக்காய் பதமாக வெந்திருந்தது. அமலா வைப்பதுபோல் இருக்கிறதா என்று நினைத்துப் பார்த்தார். நினைக்க ஒன்றும் இல்லை. நாற்பது வருஷமாக அவள் வாராவாரம் வைத்திருக்கிறாள். அவர் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை.

சுதாவுக்குப் போன் செய்தார். அவராகப் போன் செய்கிற வழக்கம் இல்லாததால் அவள் பதறிவிட்டாள். "என்னாச்சுப்பா? ஓகேயா இருக்கீங்களா?"

"ஒன்னுமில்ல. அம்மா மோர்க்குழம்பு வைப்பாளே..."

"ஆமா, சாட்டர்டே சாட்டர்டே. நீங்கதான் தொடவே மாட்டீங்களே." சுதா சிரித்தாள். "கிச்சன்ல இருந்து எனக்குக் கண்ணைக் காமிப்பாங்க. 'பாருடி, இப்ப அப்பா வேணாம்னு சொல்வாரு பாரு'ன்னு சொல்வாங்க. நீங்க கரெக்டா கையை ஆட்டுவீங்க. அம்மா உள்ள போய் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க. எதுக்குன்னு கேட்டா மட்டும் சொல்லவே மாட்டாங்க."

கதிரேசன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அது எப்படிம்மா இருக்கும்?"

"எது?"

"அம்மா வைக்கிற மோர்க்குழம்பு. எப்படி இருக்கும்?"

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "நல்லாப் புளிப்பா இருக்கும்பா. பல்லு கூசுற மாதிரி. தயிரை வெளியவே வச்சுப் புளிக்க விட்டுத்தான் வைப்பாங்க. நீங்க எந்தத் தயிர்ல வைக்கிறீங்க?"

"கடைல வாங்கினது. புதுசு."

"அப்ப அது அம்மாது மாதிரி இருக்காதுப்பா."

போனை வைத்துவிட்டுக் கதிரேசன் தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். எல்லாப் பாத்திரங்களையும் கழுவிக் கவிழ்த்தார். பிறகு குளிர்பெட்டியைத் திறந்து மீதித் தயிரை எடுத்து, பெரிய பாத்திரம் ஒன்றில் கொட்டி, ஜன்னல் பக்கம் வெயில் படுகிற இடத்தில் வைத்து ஒரு தட்டால் மூடினார். இந்த ஊர்ச் சூட்டுக்கு நாளை மத்தியானத்துக்குள் புளித்துவிடும்.